எட்டாத நட்டும் இல்லாத போல்ட்டும்: ஓர் இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றிய நிகழ்வு ஆய்வு

வண்டி என் மைத்துனருடையது. நான்கு சிலிண்டர், 1.1 லிட்டர் பெட்ரோல் என்ஜின் குறுக்குவாட்டில் உட்கார்ந்திருக்கும் சின்ன கார். வயது பத்தைத் தாண்டிவிட்டது. ஐடிலிங் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காதபோது என்ஜின் ஓடும் வேகம்) நிமிடத்துக்கு 800 சுற்றில் நிற்க வேண்டும். இதில் 1,400-க்குக் கீழே இறங்குவதில்லை. சிக்னலில் நின்றால் டேஷ்போர்டுக்கு அந்தப் பக்கம் 'உஸ்' என்று காற்று இழுக்கும் சத்தம். இரண்டு பட்டறைகளில் காட்டியிருக்கிறார். ஒன்றில் காற்றின் வழியைத் திறந்து மூடும் த்ராட்டில் பாடியைக் கழுவிக் கொடுத்தார்கள். இன்னொன்றில் "மேனிஃபோல்டு பேக்கிங் போயிருக்குங்க, கீழ் நட்டுக்குக் கை போகாது, என்ஜினை இறக்கணும்" என்று சொல்லி ஒரு தொகையும் சொன்னார்கள். அதைக் கேட்ட பிறகுதான் வண்டி கோவையில் என் வீட்டு போர்டிகோவுக்கு வந்தது.

பட்டறைக்காரர் சொன்னதில் முதல் பாதி சரி. மேனிஃபோல்டு என்பது சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொண்டுபோகும் குழாய்த் தொகுதி; அது என்ஜினின் மேல் பகுதியான ஹெட்டோடு சேரும் இடத்தை அடைப்பது பேக்கிங். கசிவு அங்கேதான் இருந்தது. இரண்டாம் பாதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

கசிவை உறுதி செய்தது

மேனிஃபோல்டைத் தொடும் முன் கசிவு அங்கேதானா என்று தெரிந்தாக வேண்டும். வேலை பெரிது, சந்தேகத்தின் பேரில் இறங்கக் கூடாது. இந்த வண்டியில் என்ஜினுக்குள் போகும் காற்றைக் கணக்கிடுவது மேப் சென்சார்; அதாவது மேனிஃபோல்டுக்குள் இருக்கும் அழுத்தத்தைப் பார்த்து பெட்ரோலை முடிவு செய்யும் வகை. இதில் எங்காவது காற்று திருட்டுத்தனமாக உள்ளே நுழைந்தால் அழுத்தம் ஏறும், என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூ அதற்கேற்பப் பெட்ரோலையும் கூட்டிக் கொடுக்கும், ஐடிலிங் ஏறிவிடும். உள்ளே போகும் காற்றையே நேரடியாக அளக்கும் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள வண்டியில் அறிகுறி வேறு. அங்கே அளக்காமல் நுழைந்த காற்றால் கலவை மெலிந்து, ஃபியூல் ட்ரிம் (ஈசியூ பெட்ரோல் அளவில் செய்யும் திருத்தம்) பிளஸ் பக்கம் ஓடும், வண்டி குலுங்கும். இணையத்தில் படித்துவிட்டு ட்ரிம் நார்மலாக இருக்கிறதே, கசிவு இல்லை என்று பலர் தள்ளிவிடுவது இந்த வித்தியாசம் தெரியாததால்தான்.

ஸ்கேனரில் இரண்டு விஷயம் ஒத்துப்போனது. சூடான என்ஜினில் ஐடிலிங் அழுத்தம் 30 முதல் 40 கிலோபாஸ்கலுக்குள் இருக்க வேண்டும்; இதில் அதைவிடத் தெளிவாக அதிகம். ஐடில் கன்ட்ரோல் வால்வை ஈசியூ ஏறக்குறைய முழுதாக மூடியே வைத்திருந்தது. தான் தரும் காற்றை மூடியும் சுற்று குறையவில்லை என்றால் காற்று வேறு வழியில் வருகிறது என்று பொருள்.

பிறகு தண்ணீர். செடிக்கு அடிக்கும் ஸ்பிரே பாட்டிலில் வெறும் தண்ணீரை நிரப்பி, ஹெட்டும் மேனிஃபோல்டும் சேரும் இடத்தில் ஓரமாக அடித்துக்கொண்டே போனோம். மேல் வரிசையில் ஒன்றும் இல்லை. கீழே, இரண்டாவது மூன்றாவது சிலிண்டருக்கு நடுவில் தண்ணீர் பட்டதும் 'உஸ்' நின்றது, சுற்றும் தடுமாறி இறங்கியது. கார்புரேட்டர் கிளீனர் ஸ்பிரேயை இதற்குப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. சூடான சைலன்சர் குழாய் பக்கத்தில் இருக்கையில் எரியும் திரவத்தை அடிப்பது எனக்கு ஒப்பாது.

ஏன் கை எட்டவில்லை

மேனிஃபோல்டை ஹெட்டில் பிடித்திருப்பது மேலே ஐந்து, கீழே நான்கு எம்8 (8 மில்லிமீட்டர் மரை) ஸ்டட்டும் நட்டும். ஸ்டட் என்பது ஹெட்டுக்குள் முறுக்கி நிற்கும் தலையில்லாத போல்ட். நட்டின் தலை 12 மில்லிமீட்டர். ஜப்பானிய வண்டிகளில் எம்8-க்கு 12, எம்6-க்கு 10, எம்10-க்கு 14 தான் வழக்கம். ஐரோப்பிய வண்டி என்றால் எம்8-க்கு 13 வரும். மேல் வரிசை கண்ணுக்கே தெரிகிறது. கீழ் வரிசையில் ஓரத்து இரண்டுக்கும் ரிங் ஸ்பேனர் போகும். நடுவில் உள்ள இரண்டும், ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகும் ரன்னர் குழாய்களின் வயிற்றுக்குக் கீழே ஒளிந்திருக்கின்றன. மேலிருந்து பார்த்தால் த்ராட்டில் பாடியும், ரன்னர்களுக்குக் காற்று பிரியும் அறையான பிளீனமும் மறைக்கும், பின்னால் என்ஜினையும் கேபினையும் பிரிக்கும் தகடான ஃபயர்வால். கீழிருந்து பார்த்தால் டிரைவ் ஷாஃப்ட், ஒரு வயர் கட்டு, பிறகு மேனிஃபோல்டை என்ஜின் பிளாக்கோடு தாங்கிப் பிடிக்கும் ஒரு தகட்டு பிராக்கெட்.

வடிவமைத்தவர் யோசிக்காமல் வைத்துவிட்டார் என்று திட்டுவது எளிது. ஆனால் தொழிற்சாலையில் இந்த நட்டை முறுக்கியவருக்கு எந்தச் சிரமமும் இருந்திருக்காது. என்ஜினும் கியர்பாக்ஸும் வெளியே ஸ்டாண்டில் முழுதாகப் பூட்டப்பட்டு, மேனிஃபோல்டும் மாட்டப்பட்ட பிறகுதான் வண்டிக்குள் ஏறுகின்றன. அந்த நேரத்தில் ஃபயர்வால் அங்கே இல்லை. நட் இருந்த இடம் மாறவில்லை, அதைச் சுற்றி வந்தவை பிறகு வந்தன. இப்படிப்பட்ட இடங்கள் விலை உயர்ந்த வண்டியிலும் உண்டு. லெக்ஸஸ் எல்எஸ்400-இன் 4 லிட்டர் வி8 என்ஜினில் ஸ்டார்ட்டர் மோட்டாரே இன்டேக் மேனிஃபோல்டுக்குக் கீழே, இரண்டு வரிசை சிலிண்டர்களுக்கு நடுப் பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும். 1975-இல் வந்த வி8 ஷெவர்லே மோன்ஸாவில் ஒரு ஸ்பார்க் பிளக்கை மாற்ற என்ஜின் மவுன்ட்டைத் தளர்த்தி என்ஜினைக் கொஞ்சம் தூக்க வேண்டியிருந்தது.

எனவே கேள்வியைத் திருப்பிப் போட்டோம். இந்த நட்டுக்கு எந்தக் கருவி போகும் என்று கேட்பதை விட்டுவிட்டு, நட்டுக்கும் நமக்கும் நடுவில் எது எது பிறகு வந்து உட்கார்ந்தது, அதில் எதைச் சுலபமாக எடுக்க முடியும் என்று பார்த்தோம்.

வழியைத் திறந்தது

பேட்டரி நெகட்டிவ் முதலில். ஸ்டார்ட்டர் கேபிளில் எப்போதும் மின்சாரம் இருக்கும், ஸ்பேனர் ஒரு முனையில் அதையும் மறு முனையில் பாடியையும் தொட்டால் போதும். அதற்கும் முன்னால் பெட்ரோல் பம்ப் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு என்ஜினை ஓட விட்டு, அதுவாக அணையும்வரை காத்திருந்தோம். லைனில் அழுத்தம் இறங்கிவிடும். முன்பக்கம் இரண்டு ஸ்டாண்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை. வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடுவது பற்றிப் பேச ஒன்றும் இல்லை, விடக் கூடாது.

வைப்பர் கைகளைக் கழற்றி, கண்ணாடிக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் கவுலையும் எடுத்ததும் ஃபயர்வால் பக்கம் ஒரு கை மணிக்கட்டுவரை போக இடம் கிடைத்தது. கவுலை எடுக்கச் சில ஸ்க்ரூவும் கிளிப்பும்தான். ஆனால் பட்டறைகளில் இதை யாரும் எடுப்பதில்லை. கிளிப் உடைந்தால் வண்டிக்காரர் சத்தம் போடுவார் என்ற பயம். ஏர் ஃபில்டர் குழாய், த்ராட்டில் பாடி, அதன் கூலன்ட் ஹோஸ்கள், கப்ளர்கள் எல்லாம் விலகின. கப்ளர்களுக்கு நிறம் நிறமாகப் பெயின்ட் பேனாவில் குறி போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் மொபைலில் படம் எடுத்தோம். கையில் இருக்கும் மிக நல்ல கருவி மொபைல் கேமராதான் என்று இந்த வேலையில் மைத்துனர் ஒத்துக்கொண்டார். ரன்னருக்குக் கீழே அதை நுழைத்து வீடியோ எடுத்துப் பார்த்தால்தான் நட்டின் தலை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்றே தெரிந்தது.

அந்த வீடியோவில் இன்னொன்றும் தெரிந்தது. தாங்கும் பிராக்கெட்டில் பிளாக் பக்கத்து போல்ட் இல்லை. ஓட்டை காலியாக இருந்தது, உள்ளே மரை முழுக்கச் சேறும் எண்ணெயும் உறைந்து கிடந்தது. மேனிஃபோல்டு பக்கத்து போல்ட் விரலால் தொட்டதுமே சுற்றியது.

"மச்சான், இது ஆரம்பத்துல இருந்தே இல்லீங்களா?"

"கம்பெனி போல்ட் போடாம விட மாட்டான் மாப்ள. யாரோ கழட்டிட்டு, மறுபடி போடச் சோம்பல் பட்டிருக்காங்க."

பிராக்கெட்டை முழுதாக எடுத்துவிட்டோம். கீழிருந்து நடுவில் இருக்கும் இரண்டு நட்டுக்கும் நேர் வழி திறந்தது. என்ஜினை இறக்கும் அவசியம் இத்தோடு போயிற்று.

எந்தக் கருவி, ஏன்

இங்கே கொஞ்சம் கணக்கு இருக்கிறது, அதைத் தெரிந்துகொண்டால் கடையில் தேவையில்லாமல் செலவு செய்ய வேண்டாம். குறுகிய இடத்தில் பிரச்சினை பலம் இல்லை, கைப்பிடி எத்தனை டிகிரி அசைய முடியும் என்பதுதான். அறுகோண நட்டில் ஆறு முனை சாக்கெட்டை எடுத்து மறுபடி போட 60 டிகிரி வேண்டும். பன்னிரண்டு முனை ரிங்குக்கு 30 டிகிரி போதும். சாதாரண திறந்த வாய் ஸ்பேனரின் தலை கைப்பிடிக்கு 15 டிகிரி சாய்வில் இருப்பதும் இதற்காகத்தான்: ஒரு முறை இந்தப் பக்கம், மறு முறை குப்புறப் போட்டு அந்தப் பக்கம் என்று திருப்பினால் 30 டிகிரி இடத்திலேயே வேலை ஓடும். ராட்செட்டில் 36 பல் என்றால் 10 டிகிரிக்கு ஒரு கிளிக், 72 பல் என்றால் 5 டிகிரிக்கு.

சாக்கெட்டைக் கோணமாக மடக்கித் திருப்ப உதவும் யுனிவர்சல் ஜாயிண்ட்டை நான் எடுக்கவே இல்லை. எல்லாரும் முதலில் நீட்டுவது அதைத்தான். ஆனால் எக்ஸ்டென்ஷன் ராடு, ஜாயிண்ட், இன்னொரு ராடு என்று சேர்க்கச் சேர்க்க ஒவ்வொரு இணைப்பின் ஆட்டமும் கூடும். 5 டிகிரி ராட்செட் வாங்கியும் அந்த 5 டிகிரி ஆட்டத்திலேயே போய்விடும், நட் நகராது. கோணம் அதிகமானால் சாக்கெட் நட்டின் மேல் நேராக உட்காராமல் சாய்ந்து முனையை மட்டும் கடிக்கும். தலை மழுங்குவது அப்படித்தான்.

நாங்கள் எடுத்தது 12 மில்லிமீட்டர் ரிங் ஸ்பேனர். பழைய இரும்புக் கடையில் கிடைத்த ஒன்றை நீளத்தில் பாதியாக வெட்டி, வெல்டிங் கடையில் கேஸ் பிடித்துக் கழுத்தை வளைத்து வாங்கினோம். சூடு காட்டினால் ஸ்பேனரின் கடினம் குறையும், உண்மைதான். 23 நியூட்டன் மீட்டரில் இருக்கும் நட்டுக்கு அது தாங்கும். ராட்செட் ரிங் ஸ்பேனரும் ஒன்று கையில் இருந்தது, ஆனால் ரன்னருக்குக் கீழே அதை வைக்க யோசித்தேன். நட் பின்வாங்கி வர வர ஸ்பேனரையும் பின்னால் தள்ளிக்கொண்டு வரும். பின்னால் ரன்னர் இடித்துவிட்டால் ஸ்பேனர் நட்டுக்கும் ரன்னருக்கும் நடுவில் சிக்கிக்கொள்ளும். திசை மாற்றும் பொத்தான் இல்லாத வகையாக இருந்தால் திருப்பி முறுக்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது. திசை மாற்றும் வகையை மட்டும் இப்படிப்பட்ட இடத்தில் விடலாம்.

மழுங்கிய நட்

நடுவில் உள்ள இரண்டில் மூன்றாவது சிலிண்டர் பக்கத்து நட் முறுக்கே இல்லாமல் வந்தது. ஸ்பேனரை வைத்ததும் சுற்றியது, பிறகு விரலாலேயே. பேக்கிங் ஏன் போனது என்று பாதி விடை அப்போதே கிடைத்துவிட்டது.

இரண்டாவது சிலிண்டர் பக்கத்து நட் அதற்கு நேர்மாறு. கேமராவில் பார்த்தால் ஆறு முனைகளில் மூன்று வட்டமாகத் தேய்ந்து மினுமினுக்கின்றன. திறந்த வாய் ஸ்பேனரைச் சாய்த்து வைத்து யாரோ ஒருவர் முயன்று, வழுக்கி, விட்டுவிட்டுப் போன தடம். வெட்டி வளைத்த ரிங் அதன் மேல் ஏறியது, ஆனால் அழுத்தம் கொடுத்ததும் வழுக்கியது. ஒரு முறை வழுக்கியதும் நிறுத்திவிட வேண்டும். இரண்டாவது முறை முயன்றால் மிச்சம் இருக்கும் மூன்று முனையும் போய்விடும்.

துரு இளக்கும் ஸ்பிரேயை அடித்து இரவு முழுக்க விட்டோம். சூடு காட்டலாமே என்று மைத்துனர் கேட்டார். சைலன்சர் மேனிஃபோல்டு என்றால் சரி என்பேன். இங்கே பெட்ரோல் ரெயில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, அழுத்தம் இறக்கினாலும் ரெயிலில் பெட்ரோல் மிச்சம் இருக்கும். டார்ச் இந்த இடத்துக்கு வரவே கூடாது.

மழுங்கிய நட்டுக்கென்றே எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட் உண்டு. உள்ளே சுருளாக ஓடும் கூர்மையான விளிம்புகள். கழற்றும் திசையில் திருப்பத் திருப்ப நட்டை இன்னும் ஆழமாகக் கடிக்கும். வழக்கமாக இதைச் சுத்தியலால் தட்டி நட்டின் மேல் ஏற்றுவார்கள். இங்கே சுத்தியல் வீச இரண்டு விரல் இடம்கூட இல்லை. ஆனால் நல்ல வகை எக்ஸ்ட்ராக்டரில் வெளிப்பக்கமும் ஆறு பட்டை இருக்கும். ராட்செட் போகாத இடத்தில் ஸ்பேனரால் திருப்பலாம். எனவே மேலே கவுலை எடுத்த இடைவெளி வழியாக நீளமான டயர் லீவரை இறக்கி, ஃபயர்வாலில் தகடு நெளியாமல் இருக்க ஒரு மரத்துண்டை வைத்து அதில் ஊன்றினோம். லீவரின் நுனி எக்ஸ்ட்ராக்டரை நட்டின் மேல் அழுத்தியது. மைத்துனர் மேலே நின்று லீவரைப் பிடித்துக்கொள்ள, நான் கீழே படுத்துக்கொண்டு வெளிப் பட்டையில் ஸ்பேனரை வைத்தேன்.

கழற்றும் திசையில் ஒரேயடியாக இழுக்கவில்லை. எக்ஸ்ட்ராக்டர் கடிக்கும்வரை மெதுவாக அழுத்தம் கொடுத்து நிறுத்தி, மறுபடி அழுத்தம். துரு பிடித்த மரை ஒரே இழுப்பில் வருவதைவிட, பல தடவை சிறிது சிறிதாக அழுத்தம் ஏற்றினால் உடையாமல் வரும். 'டிக்' என்று ஒரு சத்தம் வந்தது. அந்த நொடியில் உடைந்ததா, தளர்ந்ததா என்று சொல்ல முடியாது, இரண்டுக்கும் சத்தம் ஒன்றுதான். அடுத்த பாதிச் சுற்றில் எதிர்ப்பு ஒரே சீராக இருந்தால் தளர்ந்திருக்கிறது. சீராகத்தான் இருந்தது.

வந்தது நட் மட்டும் இல்லை, ஸ்டட்டோடு சேர்ந்து வந்தது. பலர் இதைப் பார்த்துப் பதறுவார்கள். அலுமினிய ஹெட்டுக்குள் மரை நன்றாக இருந்தால் இது கெட்டது இல்லை. நல்ல முடிவுகளில் ஒன்று. மரையில் அலுமினியத் துகள் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. மரை வெட்டும் கருவியான டேப்பை (எம்8, 1.25 பிட்ச்) கையால் ஒரு முறை ஓட்டிச் சுத்தம் செய்து, புது ஸ்டட்டில் இரண்டு நட்டை ஒன்றோடொன்று இறுக்கிப் பூட்டி, அதைப் பிடித்து உள்ளே ஏற்றினோம். அடி தட்டும்வரை லேசாக. அங்கே பலம் காட்டினால் அலுமினியம் விரிசல் விடும்.

வெளியே எடுத்த பிறகு

பழைய பேக்கிங் தானாகவே கதையைச் சொன்னது. மேல் விளிம்பு மெல்லிதாக நசுங்கி, கருத்த உலோக அடையாளத்தோடு இருந்தது. அங்கே தேவைக்கு மேல் முறுக்கியிருக்கிறார்கள். கீழ் நடுவில் பேக்கிங் நசுங்கவே இல்லை. புதிது போல அப்படியே தடித்து, விளிம்பில் மட்டும் தூசி இழுத்த கோடுகள். பல வருடங்களுக்கு முன் வேறொரு பட்டறையில் ஹெட் வேலை செய்திருக்கிறார்கள் என்பது மைத்துனருக்கு அப்போதுதான் நினைவு வந்தது. நடந்ததை ஊகிப்பது கடினம் இல்லை. மேனிஃபோல்டைத் திரும்பப் பூட்டும்போது ஒரு நட்டில் ஸ்பேனர் வழுக்கியது, இன்னொன்றை விரலால் சுற்றியதோடு விட்டார்கள். பிராக்கெட்டின் போல்ட் எட்டவில்லை, அதைப் போடவே இல்லை. ஈடுகட்ட மேல் வரிசையை முழு பலத்தோடு முறுக்கினார்கள்.

பிராக்கெட் இல்லாதது சின்ன விஷயம் என்று நினைக்க வேண்டாம். மேனிஃபோல்டும் பிளீனமும் த்ராட்டில் பாடியும் சேர்ந்து நல்ல எடை. என்ஜின் அதிர அதிர, தாங்கல் இல்லாத அந்த எடை முழுதும் ஹெட்டில் உள்ள ஸ்டட்களைக் கீழே இழுத்து ஆட்டும். மேல் வரிசை பிடித்துக்கொள்ளும், தளர்ந்த கீழ் வரிசை வாயைத் திறக்கும். வண்டியின் முழுக் கோளாறும் இதுதான். பேக்கிங் தேயவில்லை, வயதாகவும் இல்லை. எட்டாத மூன்று இடங்களில் வேலை முடிக்கப்படவில்லை.

இரண்டு முகங்களையும் பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால் சுத்தம் செய்தோம். இரும்பு பிளேடு அலுமினியத்தில் கோடு போடும், அந்தக் கோடே அடுத்த கசிவு. போர்ட்டுகளுக்குள் துணியைத் திணித்து வைத்துவிட்டுத்தான் சுரண்ட வேண்டும். ஒரு நட்டோ வாஷரோ உள்ளே விழுந்து வால்வைத் தொட்டால் அதன் செலவு வேறு. நேர்க்கோலும், இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜும் வைத்துப் பார்த்ததில் மேனிஃபோல்டு முகத்தில் 0.1 மில்லிமீட்டர் தகடு எங்கும் நுழையவில்லை. மேல் வரிசையை அவ்வளவு முறுக்கியும் வளையாமல் இருந்தது அதிர்ஷ்டம்.

பூட்டியது

எட்டாத ஸ்டட்டில் நட்டை ஏற்றுவதுதான் கழற்றுவதைவிடப் பொறுமையைச் சோதிக்கும். சாக்கெட்டுக்குள் ஒரு துண்டு நியூஸ் பேப்பரை வைத்து அதன் மேல் நட்டை அழுத்தினால் நட் பிடித்துக்கொள்ளும், குப்புற இருந்தாலும் விழாது. ஸ்டட்டின் நுனியில் மரை பிடித்த பிறகு விரல் நுனியால் தள்ளிச் சுற்றலாம். மரை குறுக்கே ஏறிவிடாமல் இருக்க முதல் இரண்டு சுற்று கண்டிப்பாக விரலால்தான்.

முறுக்கு அளவு 23 நியூட்டன் மீட்டர். எல்லா நட்டையும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, முதலில் பாதி, பிறகு முழுது. நடுவில் ஒளிந்திருக்கும் இரண்டுக்கும் டார்க் ரெஞ்ச் நேராகப் போகாது, எனவே அதன் முனையில் கைப்பிடி இல்லாமல் தலை மட்டும் உள்ள காக்கைக்கால் ஸ்பேனரை மாட்டினோம். அது ரெஞ்சின் நீளத்தைக் கூட்டும், அந்த அளவுக்கு உண்மையான முறுக்கும் கூடும். திருத்தம் எளிது: ரெஞ்சின் பிடி நடுவிலிருந்து அதன் தலைவரை 300 மில்லிமீட்டர், காக்கைக்கால் 30 மில்லிமீட்டர் நீட்டுகிறது என்றால், 23-ஐ 300-ஆல் பெருக்கி 330-ஆல் வகுக்க, சுமார் 21-இல் வைத்தால் போதும். காக்கைக்காலைக் கைப்பிடிக்குச் செங்குத்தாக, 90 டிகிரியில் திருப்பி வைக்க இடம் இருந்தால் இந்தத் திருத்தமே வேண்டாம். எங்களுக்கு அந்த இடம் இல்லை.

பிராக்கெட்டுக்குப் புது போல்ட் இரண்டும் வாஷரும் வாங்கினோம். சேறு உறைந்த பிளாக் ஓட்டையை டேப் ஓட்டிச் சுத்தம் செய்ததுதான் அந்தப் பக்கத்தில் அதிக நேரம் பிடித்த வேலை. பூட்டும் வரிசையில் மட்டும் கவனம் வேண்டும். பிராக்கெட்டை முதலில் இறுக்கிவிட்டு மேனிஃபோல்டு நட்டுக்கு வந்தால், பிராக்கெட் மேனிஃபோல்டை ஒரு பக்கம் இழுத்துப் பிடித்துக்கொள்ளும், புது பேக்கிங் சமமாக உட்காராது. எனவே பிராக்கெட் போல்ட்டுகளை விரல் அளவில் விட்டு, ஹெட் நட் ஒன்பதையும் முழு அளவுக்கு முறுக்கிவிட்டு, கடைசியாகத்தான் பிராக்கெட்.

"அதையும் போடணுங்களா மச்சான்? இத்தனை வருஷம் அது இல்லாமத்தானே ஓடுச்சு" என்றார் மைத்துனர், கீழே படுக்க மறுபடி அட்டையை விரித்துக்கொண்டே.

"ஓடுச்சு மாப்ள. 1,400-ல ஓடுச்சு."

கூலன்ட் நிரப்பி, காற்றை வெளியேற்றி ஸ்டார்ட் செய்ததும் முதலில் 1,100 காட்டியது. ஐடில் வால்வு பல மாதமாக மூடியே இருந்து பழகியது, ஈசியூ கற்றுக்கொண்ட பழைய மதிப்புகளும் மாற வேண்டும். பேட்டரியைக் கழற்றி மாட்டியதில் பாதி போயிருக்கும், மீதி சிறிது தூரம் ஓட்டியதில் சரியானது. சூடான பிறகு 800-இல் நின்றது, மேனிஃபோல்டு அழுத்தம் 34 கிலோபாஸ்கல். சில வாரம் கழித்து வண்டி வந்தபோது கீழ் வரிசையை மறுபடி டார்க் ரெஞ்சால் தொட்டுப் பார்த்தேன், ஒரு நட்டும் நகரவில்லை. கவுலை மாட்டும்போது உடைந்த ஒரு கிளிப்புக்கு மட்டும் இன்னும் மாற்று கிடைக்கவில்லை. அந்த இடத்தில் இப்போதைக்குக் கேபிள் டை கட்டியிருக்கிறது.